கிட்னியில் கட்டியா... கிரியாட்டினினும் ஏறியிருக்கா? 'நுண்குமிழ் ஸ்கேன்' பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

கல் இருக்கிறதா என்று பார்க்கப்போன ஸ்கேனில் 'கட்டி' என்று வந்துவிட்டால் என்ன செய்வது? சி.டி எடுக்கலாம் என்றால், கிட்னி ஏற்கெனவே வீக். இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால், நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

மதுரைப் பக்கம் கோடை வந்தாலே கிட்னி ஸ்டோன் சீசன்தான். அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் வெயிலில் நின்று வேலை பார்க்கிறவர்கள் அதிகம். தண்ணீர் குடிப்பது குறையும், இடுப்பு வலி வரும், மதுரைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். கல் இருக்கும், இல்லாமலும் போகும். ஆனால் ரிப்போர்ட்டில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி இருக்கும். 'இடது கிட்னியில் சிஸ்ட், உள்ளே செப்டேஷன், மேற்கொண்டு பரிசோதிக்கவும்.'

அப்பா அந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். 'இது என்னனு பாருப்பா' என்பார். நீங்கள் கூகுளில் தேடுவீர்கள். மூன்றாவது ரிசல்ட்டிலேயே 'கேன்சர்' என்ற வார்த்தை வந்துவிடும். அன்றைக்குத் தூக்கம் போச்சு.

கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

ரிப்போர்ட் என்ன சொல்லுது?

முதலில் அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

*சிம்பிள் சிஸ்ட்:* மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், அவ்வளவுதான். வயது ஏற ஏற இது ரொம்ப சகஜம். தலையில் நரை விழுவதுபோல என்றுகூடச் சொல்லலாம். பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது.

*காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்:* நீர்க்கட்டிதான். ஆனால் சுவர் தடித்திருக்கலாம், உள்ளே தடுப்புகள் இருக்கலாம், சுண்ணாம்பு படிந்திருக்கலாம். இந்தத் தடுப்புகளைத்தான் 'செப்டேஷன்' என்கிறார்கள்.

*எஸ்.ஓ.எல்:* 'இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று' என்பதன் சுருக்கம். இது நோயின் பெயர் கிடையாது. 'இங்கே ஏதோ இருக்கு, என்னன்னு இன்னும் தெரியலை' என்பதை டாக்டர்கள் எழுதும் விதம்.

*ஹைப்போஎக்கோயிக், ஹைப்பர்எக்கோயிக்:* ஸ்கேன் படத்தில் சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரிகிறது என்று அர்த்தம். நல்லது, கெட்டது எதையும் இந்த வார்த்தைகள் சொல்வதில்லை.

இதில் சிம்பிள் சிஸ்ட் என்று தெளிவாக வந்தால் கவலை இல்லை. மற்றவற்றுக்கெல்லாம் டாக்டர் தேடும் பதில் ஒன்றுதான்: அந்தக் கட்டிக்குள் ரத்தம் ஓடுதா, இல்லையா?

புற்றுநோய்க் கட்டி வளர வேண்டுமானால் அதற்கு ரத்தம் வேண்டும். வெறும் நீர், பழைய ரத்தக்கட்டு, சீழ் போன்றவற்றுக்குள் ரத்த ஓட்டம் இருக்காது. அதனால்தான் இந்த ஒரு கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

சாதாரண ஸ்கேனில் ஏன் தெரிவதில்லை?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் போடுகிறது. ரத்த ஓட்டத்தைப் பார்க்க 'டாப்ளர்' என்ற வசதியும் அதே மெஷினில் உண்டு. ஆனால் அது வேகமாக ஓடும் ரத்தத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும்.

நம்ம ஊர் பாசனத்தையே எடுத்துக்கோங்க. மெயின் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் ரோட்டிலிருந்தே தெரியும். வயலுக்குள் வரப்போரமாகக் கசிந்து போகும் தண்ணீர் தெரியுமா? டாப்ளரின் பிரச்னையும் அதுதான். கட்டிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தடுப்பில் முடியளவு ரத்தக்குழாய் ஓடினால், அது டாப்ளரின் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

இந்த இடத்தில்தான் 'கான்ட்ராஸ்ட் என்ஹான்ஸ்டு அல்ட்ராசவுண்ட்' வருகிறது. சுருக்கமாக சி.இ.யு.எஸ். நம் வசதிக்கு 'நுண்குமிழ் ஸ்கேன்' என்று வைத்துக்கொள்வோம்.

குமிழ் போட்டு ஸ்கேனா?

ஆமாம், உண்மையிலேயே குமிழ்தான். கை நரம்பு வழியாக மிக நுண்ணிய வாயுக் குமிழ்களை ரத்தத்தில் செலுத்துவார்கள். அதிகம் பயன்படும் மருந்துகளில் ஒன்று 'சோனோவியூ'. இதில் கொழுப்பு வகைப் பொருளால் ஆன மெல்லிய ஓட்டுக்குள் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற வாயு இருக்கும். குமிழின் சராசரி விட்டம் சுமார் 2.5 மைக்ரான். ரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 மைக்ரானுக்கு மேல். அதாவது சிவப்பணு நுழையும் சந்து பொந்துகளில் எல்லாம் குமிழும் நுழைந்துவிடும்.

'நரம்புல காத்து ஏறினா ஆபத்தாச்சே' என்று சினிமா பார்த்த யாருக்கும் தோன்றும். 2 மில்லி டோஸில் இருக்கும் மொத்த வாயு வெறும் 16 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் குறைவு. அதுவும் ஒரே குமிழாக இல்லாமல், கோடிக்கணக்கில் சிதறிய நுண்குமிழ்களாக.

இந்தக் குமிழ்கள் மேல் ஒலி அலை பட்டதும் அவை சுருங்கி விரிந்து அதிரும். சதை அப்படி அதிராது. குமிழின் அதிர்வை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும்படி மெஷின் செட் செய்யப்பட்டிருக்கும். திரையில் சதை இருட்டாகிவிடும். ரத்தம் போகும் வழி மட்டும் பளிச்சென்று மின்னும். ஒலியின் அழுத்தத்தையும் மிகக் குறைவாக வைப்பார்கள். கூட்டினால் குமிழ்கள் உடைந்துவிடும்.

இந்த ஐடியா புதுசு இல்லை. 1968-ல் அமெரிக்காவில் ரேமண்ட் கிராமியாக், பிரவின் ஷா ஆகிய இரு மருத்துவர்கள் இதய ஸ்கேனின்போது செலுத்திய திரவத்தால் திரையில் மேகம் போல எதிரொலி தோன்றியதைப் பதிவு செய்தார்கள். ஊசி போடும்போது உருவான நுண்ணிய குமிழ்களே அதற்குக் காரணம் என்று பின்னர் புரிந்தது. உடையாமல் நுரையீரலைத் தாண்டி வரும் குமிழைத் தயாரிக்கப் பல வருடங்கள் ஆயின. சோனோவியூவுக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது 2001-ல்.

ஸ்கேன் அறையில் என்ன நடக்கும்?

முதலில் வழக்கமான ஸ்கேன். கட்டி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு கையில் ஒரு சின்ன ஊசிக்குழாய் போட்டு, 1 முதல் 2.4 மில்லி வரை மருந்து. அதைத் தள்ளிவிட கொஞ்சம் சலைன்.

10 முதல் 15 விநாடிகளில் குமிழ்கள் கிட்னிக்கு வந்துவிடும். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிட்னிகளுக்குத்தான் போகிறது என்பதால் இந்த வேகம். முதலில் கிட்னியின் வெளிப்பகுதி மின்னும். அடுத்த அரை நிமிடத்தில் உள்பகுதியும் நிறையும். சில நிமிடங்களில் எல்லாம் மங்கிவிடும். அதுவரை ரேடியாலஜிஸ்ட் கட்டியின் மேலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். முழுவதும் வீடியோவாகப் பதிவாகும்.

பார்க்கும் விஷயம் இதுதான்:

* சுற்றிலும் கிட்னி மின்ன, கட்டி மட்டும் கடைசிவரை கறுப்பாகவே இருந்தால், உள்ளே ரத்த ஓட்டம் இல்லை.
* தடித்த தடுப்புகளில் குமிழ்கள் ஓடினால், அல்லது உள்ளே ஒரு சின்ன முடிச்சு மின்னினால், அது கவனிக்க வேண்டிய கட்டி.
* 'கட்டி' என்று சந்தேகப்பட்ட இடம் எல்லா நேரத்திலும் கிட்னியைப் போலவே மின்னினால், அது கட்டியே இல்லாமலும் இருக்கலாம். சிலருக்கு கிட்னியின் சதை பிறவியிலேயே கொஞ்சம் மேடாகவோ உள்நோக்கி மடிந்தோ இருக்கும். பார்வைக்குக் கட்டி மாதிரியே தெரியும். இவர்களுக்கு இந்த ஸ்கேன் பெரிய நிம்மதி.

'போஸ்னியாக்' என்றால் என்ன?

ரிப்போர்ட்டில் இந்தப் பெயரும் வரலாம். நியூயார்க்கைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் மார்ட்டன் போஸ்னியாக் 1986-ல் கிட்னி நீர்க்கட்டிகளை வகை பிரித்தார். அது முதலில் சி.டி ஸ்கேனுக்காக உருவானது. 2019-ல் சி.டி, எம்.ஆர்.ஐ இரண்டுக்கும் சேர்த்துத் திருத்தப்பட்டது. 2020-ல் ஐரோப்பிய அல்ட்ராசவுண்ட் கூட்டமைப்பு நுண்குமிழ் ஸ்கேனுக்கென்று இதைத் தழுவி ஒரு வரையறை வெளியிட்டது.

*வகை 1, 2:* பயம் வேண்டாம். பொதுவாகத் தொடர் பரிசோதனையும் தேவையில்லை.

*வகை 2 எஃப்:* 'எஃப்' என்றால் ஃபாலோ-அப். பெரும்பாலானவை சாதுவானவை. ஆனாலும் 6 மாதம், ஒரு வருடம், பிறகு வருடம் ஒருமுறை என்று 5 வருடம் வரை கவனிப்பார்கள்.

*வகை 3:* ஏறக்குறைய பாதிக்குப் பாதி புற்றுநோயாக இருக்க வாய்ப்பு. யூராலஜிஸ்ட் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

*வகை 4:* பத்தில் ஒன்பது புற்றுநோயாக இருக்கும். தள்ளிப்போடக் கூடாது.

ஒரு விஷயம். நுண்குமிழ் ஸ்கேன் மிக மெல்லிய ஓட்டத்தையும் காட்டிவிடும். அதனால் சி.டி-யில் 2 எஃப் என்று வந்தது இதில் 3 ஆக மாறலாம். 'நோய் முத்திடுச்சு' என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் சேர்த்துக் காட்டுங்கள்.

கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு ஏன் இது முக்கியம்?

சி.டி ஸ்கேனில் பயன்படுத்தும் அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறும். கிட்னியின் வடிகட்டும் திறனைச் சொல்லும் ஜி.எஃப்.ஆர் அளவு 30-க்குக் கீழே போனவர்களுக்கு அந்த மருந்து கொடுக்க டாக்டர்கள் யோசிப்பார்கள். எம்.ஆர்.ஐ-யில் பயன்படும் கெடோலினியம் மருந்திலும் இந்தக் கட்டத்தில் கவனம் தேவை. பழைய ரக மருந்துகளில் தோல் இறுகும் அபூர்வ நோய் ஏற்பட்டது. புதிய ரகங்களில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

நுண்குமிழ் போகும் வழியே வேறு. ஓட்டை உடல் கரைத்துக்கொள்ளும். வாயு, மூச்சோடு வெளியே போய்விடும். 15 நிமிடங்களில் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். கிட்னிக்கு இதில் வேலையே இல்லை. அதனால் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கும்கூடச் செய்யலாம். அயோடின் அலர்ஜி உள்ளவர்களுக்கும் இது வழி. கதிர்வீச்சும் கிடையாது.

சர்க்கரை நோயும் பிரஷரும் பல வருடங்களாக இருக்கும் பெற்றோர் வீட்டில் இருந்தால், 'கட்டி என்னன்னு தெரியணும், ஆனா சி.டி-க்குக் கிட்னி தாங்குமா' என்ற நிலை எப்போது வேண்டுமானாலும் வரலாம். இப்படிப்பட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் டாக்டரிடம் கேட்க முடியும்.

ஆனால் இதற்காக, டாக்டர் சொல்லும் சி.டி-யை பயந்துபோய் மறுக்க வேண்டாம். ஜி.எஃப்.ஆர் ஓரளவு நன்றாக இருப்பவர்களுக்கு கான்ட்ராஸ்ட் சி.டி-யின் ஆபத்து முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்பதுதான் இப்போதைய மருத்துவப் புரிதல்.

மாடு முட்டினாலும் உதவும்!

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை மாதம் வாடிவாசல்கள் திறந்தால், காயமடைந்தவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருவதும் வழக்கம். குத்துக் காயம் வெளியே தெரியும். ஆனால் மாட்டின் தலை விலாவில் இடித்தாலோ, தடுப்புக் கட்டையில் மோதி விழுந்தாலோ வெளியே சிராய்ப்புகூட இருக்காது. கிட்னி கீழ் விலா எலும்புகளுக்கு உள்ளே முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. அடி அங்கே இறங்கலாம்.

பெரிய அடி என்றால் யோசனையே வேண்டாம், சி.டி-தான். அங்கே நேரம் முக்கியம். ஆனால் லேசான அடி பட்டவர்கள், சிறுவர்கள், ஏற்கெனவே சி.டி-யில் கிழிசல் கண்டுபிடிக்கப்பட்டு ஆறுகிறதா என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவர்கள்... இவர்களுக்கு நுண்குமிழ் ஸ்கேன் கைகொடுக்கும். கிழிந்த இடத்தில் ரத்த ஓட்டம் இருக்காது என்பதால், மின்னும் கிட்னியில் அது மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும். திரும்பத் திரும்பக் கதிர்வீச்சு படுவதையும் தவிர்க்கலாம்.

மாடு பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அடிபட்ட பிறகு சிறுநீர் சிவப்பாகவோ பிரவுனாகவோ போனால், இடுப்பு வலி கூடிக்கொண்டே போனால், தலைசுற்றினால், 'சுளுக்குதான்' என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கவும் கூடாது. சில வலி மாத்திரைகள் கிட்னிக்கே கெடுதல்.

இதால் முடியாதது என்ன?

எல்லாம் தெரிந்த ஸ்கேன் என்று எதுவும் இல்லை. இதற்கும் எல்லைகள் உண்டு.

* திடமான கட்டி நல்லதா கெட்டதா என்று பல நேரம் இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கொழுப்பு கலந்த 'ஆஞ்சியோமயோலிப்போமா' என்ற சாதுவான கட்டியிலும் ரத்தம் ஓடும். அதிலுள்ள கொழுப்பை உறுதி செய்ய சி.டி அல்லது எம்.ஆர்.ஐ வேண்டும்.
* புற்றுநோய் என்றால் நுரையீரல், நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று இது காட்டாது.
* குமிழ்கள் சிறுநீரில் கலப்பதில்லை. அதனால் சிறுநீர்ப் பாதை கிழிந்து கசிவதை இதில் பார்க்க முடியாது. மாடு முட்டிய கேஸில் இது முக்கியமான குறை.
* உடல் பருமன், குடலில் வாயு, கட்டியில் அதிகச் சுண்ணாம்பு இருந்தால் படம் தெளிவாக இருக்காது.
* ஒரு ஊசிக்கு ஒரு கட்டியைத்தான் நன்றாகப் பார்க்க முடியும். பார்ப்பவரின் அனுபவமும் முக்கியம்.

பாதுகாப்பானதுதானா?

2006-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், வயிற்றுப் பகுதிக்குச் செய்த 23,000-க்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் தீவிரமான பக்கவிளைவு 2 பேருக்கு ஏற்பட்டது. பத்தாயிரத்தில் ஒருவர் என்ற கணக்குக்கும் குறைவு. ஆனாலும் பூஜ்யம் இல்லை. அதனால் அவசர மருந்துகள் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். ஸ்கேன் முடிந்ததும் அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: சமீபத்திய மாரடைப்பு, கடுமையான இதய அல்லது நுரையீரல் பிரச்னை, கர்ப்பம், 'பாலிஎத்திலீன் கிளைக்கால்' (பி.இ.ஜி) அலர்ஜி. இந்த பி.இ.ஜி, வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் சில பேதி மருந்துகளிலும் உண்டு. அதைக் குடித்து எப்போதாவது அலர்ஜி வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. பல நாடுகளில் இந்த மருந்துக்கு இதயம், கல்லீரல் போன்றவற்றுக்குத்தான் அதிகாரபூர்வ அனுமதி. கிட்னிக்கு, மருத்துவ வழிகாட்டுதல்களின் அடிப்படையில் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். இது மருத்துவத்தில் வழக்கமான நடைமுறைதான். சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

எங்கே, எப்படிக் கேட்பது?

தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்கேன் சென்டரில் இது கிடைக்காது. மெஷினில் கான்ட்ராஸ்ட் வசதி, மருந்து, பயிற்சி பெற்ற ரேடியாலஜிஸ்ட் என மூன்றும் வேண்டும். மருந்துக் குப்பியைக் கலக்கினால் 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால், நாள் குறித்துத்தான் வரச் சொல்வார்கள். அலங்காநல்லூரிலிருந்து கிளம்பும் முன் போனில் இதைக் கேட்டுவிட்டால் ஒருநாள் கூலியும் பஸ் காசும் மிச்சம்: "கிட்னிக்கு கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் பண்றீங்களா? மருந்து இருக்கா? மொத்தம் எவ்வளவு ஆகும்?" முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், இதற்குச் செல்லுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

நெஃப்ராலஜிஸ்ட் அல்லது யூராலஜிஸ்ட்டிடம் கேட்க 5 கேள்விகள்... ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க:

1. இது சிம்பிள் சிஸ்ட்டா, காம்ப்ளெக்ஸா, திடமான கட்டியா?
2. என் ஜி.எஃப்.ஆர் எவ்வளவு? கான்ட்ராஸ்ட் சி.டி எடுக்கலாமா?
3. எனக்கு நுண்குமிழ் ஸ்கேன் பயன்படுமா? அதில் பதில் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?
4. போஸ்னியாக் வகை என்ன? அடுத்த ஸ்கேன் எப்போது?
5. சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சி.டி எடுப்பதாக இருந்தால் நிறுத்த வேண்டுமா?

பழைய ஸ்கேன் ரிப்போர்ட், பிலிம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கட்டி வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பதை அந்தப் பழைய படம்தான் சொல்லும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, போனில் ஒரே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள்.

கடைசியாக, வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் 'சூட்டுக்கு அப்படித்தான்' என்று மோர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒருமுறை போய், தானாக நின்றுவிட்டாலும்கூட அந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கிட்னிப் புற்றுநோய் சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால், பல நேரம் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கிட்னியைக் காப்பாற்ற முடியும்.